நாசிஃபின் பங்கு

நாசிஃப் பேசினால் பேருந்தின் பின்கண்ணாடி அதிரும் என்பார்கள். ஆள் அப்படியொன்றும் வாட்டசாட்டம் இல்லை. ஒல்லி, தோள் கொஞ்சம் முன்னால் சரிந்திருக்கும். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவருவதுபோல் இருக்கும். கிரிவாயா ஆற்றோரம் மலையேறும் சாலையில் வேலைக்காலம் முழுவதும் பேருந்து ஓட்டி, ஓய்வு பெற்று, சென்ற மார்ச்சில் இறந்துபோனார்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் அவருடைய காலைப் பேருந்தில்தான் ஏறுவார்கள். ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்கு, ஆஸ்திரியாவுக்கு ஓட்டல் வேலைக்கு. வழியனுப்பத் தெருவே திரண்டு நிற்கும். ஏறுவதற்கு முன் ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். ஒருவரிடம் சொன்னால் ‘ஹலாலி’. கூடி நிற்பவர்களிடம் சொன்னால் ‘ஹலாலிதே’. உன் கையால் சாப்பிட்டது, உன் தோட்டத்தில் கேட்காமல் பறித்தது, உன் முதுகுக்குப் பின்னால் பேசியது, எல்லாவற்றையும் எனக்கு ஹலாலாக்கிவிடு. நாளை இறைவன் முன்னால் என் சட்டையைப் பிடிக்காதே என்று அர்த்தம். மன்னித்துவிடு என்று சொன்னால் இதில் பாதிதான் வரும். மன்னிப்பு தவறுக்கு மட்டும். இந்தச் சொல் தின்ற ரொட்டிக்கும் குடித்த தாய்ப்பாலுக்கும் சேர்த்து. ஒருவர் பதில் சொன்னால் ‘ஹலாலிம்’, விட்டேன். பலர் சேர்ந்து சொன்னால் ‘ஹலாலிமோ’, விட்டோம்.

அது முடியும்வரை நாசிஃப் வண்டியை நகர்த்தமாட்டார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

“என்ன நாசிஃப், இன்னிக்குப் போவோமா, இல்ல இங்கயே கூடாரம் போட்டுறலாமா?”

“அழுது முடிக்கட்டும்யா. மலை எங்கயும் ஓடிராது.”

ஜனாஸா என்னும் இறுதித் தொழுகைகளிலும் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் பச்சைத் துணி போர்த்திய பெட்டியைக் கல்மேடையில் வைத்துத் தொழுகை முடிந்ததும், அதை நடத்திய ஹோஜா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கேட்பார்: “இவருக்கு ஹலால் கொடுக்கிறீர்களா?” மூன்று முறை கேட்பார். கேட்டவுடன் எல்லோருக்கும் ஒரு தயக்கம் வரும். யார் முதலில் வாய் திறப்பது என்று. அந்த இடைவெளியில் நாசிஃபின் குரல் எழும். “ஹலாலிமோ.” அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் சொல்வார்கள். ஆற்றுப்பாலம் முழுக்க ஆள் நின்ற பெரிய ஜனாஸாவாக இருந்தாலும் சரி, நாலு கிழவர்கள் மட்டும் வந்த மழைநாள் ஜனாஸாவாக இருந்தாலும் சரி, முதல் குரல் அவருடையதுதான். ஊர் அதற்குப் பழகிவிட்டது.

அந்த நாசிஃபுக்கு, விடமுடியாத ஒரே ஒரு ஆள் இருந்தான். பேருந்துப் பணிமனையின் மெக்கானிக் தெர்விஷ்.

இருவரும் ஒரே தெரு. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒரே வருடத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். போர் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் நாசிஃபின் மனைவி முனிபாவுக்கு வயிற்றில் இருந்த பிள்ளை கலைந்து ரத்தம் நிற்காமல் போனது. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். ஓடக்கூடிய கார் தெருவில் ஒன்றே ஒன்று, தெர்விஷுடையது. நாசிஃப் பனியில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். தெர்விஷ் வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னான்: “டீசல் இல்லடா. ஒரு சொட்டு இல்ல.” நாசிஃப் கையால் இழுக்கும் பனிவண்டியில் முனிபாவைப் போர்வை சுற்றிக் கிடத்தி, அண்டை வீட்டான் ஒருவனைத் துணைக்கு வைத்து இழுத்துப்போனார். மலையின் பாதியில் முனிபாவின் கை சில்லிட்டுப்போனது. வீட்டில் நான்கு வயதுப் பெண்குழந்தை சேனிதா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெர்விஷின் கார் தெருவில் உறுமிக்கொண்டு கிளம்பியது. உள்ளே அவன் மகன் நெதிம். தெரு முழுக்கப் பார்த்தது. நாசிஃபும் ஜன்னலில் நின்று பார்த்தார்.

போர் முடிந்து பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஒருவர் ஓட்டுநர், ஒருவர் மெக்கானிக். வேலைக்காகப் பேசித்தான் ஆக வேண்டும்.

“பிரேக் இடது பக்கம் இழுக்குது.”

“பார்க்கிறேன்.”

அவ்வளவுதான். வருடக்கணக்கில் அவ்வளவுதான். தெர்விஷ் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு நாசிஃபின் வண்டியை முதலில் பார்ப்பான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்த ஒரே பேருந்து அவருடையது. நாசிஃபுக்கு இது தெரியும். தெரிந்ததாலேயே இன்னும் அதிகமாகக் கோபப்பட்டார். ஒருமுறை தெர்விஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தின் படியருகே வந்து நின்றான். “நாசிஃப், ஒரு வார்த்தை…” என்றான். நாசிஃப் விசையை அழுத்தினார். கதவு புஸ்ஸென்று மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு தெர்விஷ் வரவில்லை.

தெர்விஷின் மனைவி ரெஃபியா விஷயம் வேறு. முனிபா போன பிறகு இரண்டு குளிர்காலம் சேனிதாவுக்குத் தலைவாரிப் பின்னியது அவள்தான். உருளைக்கிழங்கு வைத்து ரொட்டி சுட்டு, துணியில் சுற்றிக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்புவாள். புருஷன் செய்ததற்கு இந்தப் பெண் என்ன செய்வாள் என்று நாசிஃப் அதை வாங்கிக்கொண்டார். தெருவில் பார்த்தால் அவளுக்கு மட்டும் தலையசைப்பார். சேனிதா வளர்ந்து ஆஸ்திரியாவில் லின்ஸ் நகருக்குப் போய் நர்ஸ் ஆனாள். அவளும் கோடையில் வரும்போது முதலில் போய்க் கட்டிக்கொள்வது ரெஃபியாவைத்தான்.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் தெர்விஷ் ஈரல் நோயில் படுத்து, பிளம் மரங்கள் பூத்த வாரத்தில் இறந்தான்.

ஜனாஸாவுக்குப் போகாமலிருக்க முடியாது. போகாவிட்டால் ஊர் அதைப் பெரிய கதையாக்கும். நாசிஃப் ஒரு முடிவோடு போனார். கடைசி வரிசையில் நிற்பது, தொழுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. விடமுடியாததை விட்டதாகச் சொல்ல வேண்டாம்.

தொழுகை முடிந்தது. இளைஞரான அல்மெதின் ஹோஜா திரும்பிக் கேட்டார்: “ஹலால் கொடுக்கிறீர்களா?”

யாரும் பேசவில்லை.

ஊருக்கே தெரிந்த கதை என்பதால் அல்ல. பழக்கம். எல்லோரும் முதல் குரலுக்காகக் காத்திருந்தார்கள். முன் வரிசையில் நெதிம் பெட்டியின் அருகே தலை குனிந்து நின்றிருந்தான். ஒரு காகம் கத்தியது. யாரோ செருமினார்கள். நெதிமின் காதுமடல் சிவந்து, அவன் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை, ஆனால் நாசிஃபுக்கு அது தன்னைப் பார்ப்பதாகப்பட்டது.

“ஹலாலிமோ,” என்றது நாசிஃபின் குரல்.

கூட்டம் பெருமூச்சுவிட்டதுபோல் பின்தொடர்ந்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தது. பெட்டி தோளிலிருந்து தோளுக்கு மாறிப் போனது. மண் போடும்போது மண்வெட்டி அவரிடமும் வந்தது. போட்டார்.

மறுநாள் காப்பிக்கடையில் ஹுசோ அவரைப் பிடித்துக்கொண்டார். ஹுசோ பழைய கண்டக்டர். வாய் ஓயாத ஆள்.

“அடேயப்பா, நேத்து எங்க உயிரையே எடுத்துட்டியேய்யா! ஹோஜா கேக்குறாரு, நீ ஊமையா நிக்குற. நான் நெனச்சேன், சரி, இன்னிக்கு தெர்விஷ் பெட்டியிலேருந்து எந்திரிச்சு அவனே சொல்லிக்க வேண்டியதுதான்னு.”

“வாயை மூடு ஹுசோ.”

“மூடுறேன், மூடுறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பெரிய மனசுய்யா உனக்கு. நானா இருந்தா சொல்லியிருக்கமாட்டேன். இந்தா, காப்பி என் கணக்கு.”

பக்கத்து மேஜையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நாசிஃப் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. பெரிய மனசு என்ற வார்த்தை அன்றிலிருந்து அவர் பின்னாலேயே வந்தது. ரொட்டிக்கடையில், தபால் அலுவலகத்தில், பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டும்போது. அவருக்குத்தான் தெரியும், நெஞ்சுக்குள் எதுவும் நகரவில்லை என்று. முன்பு இருந்தது வெறும் கோபம். இப்போது அதன்மேல் ஒரு பொய்யும் ஏறி உட்கார்ந்துகொண்டது, அதுவும் ஒரு பெட்டியின் முன்னால் சொன்ன பொய்.

அல்மெதின் ஹோஜாவைப் போய்ப் பார்த்தார். ஹோஜா பள்ளிவாசலின் பின்பக்கம் தேன்பெட்டிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“ஹோஜா, கொடுத்த ஹலாலைத் திரும்ப வாங்கிக்கலாமா?”

ஹோஜா வலைமுகமூடியைத் தூக்கினார். “புரியல, நாசிஃப் ஐயா.”

“அன்னிக்குச் சொன்னேன்ல. மனசுல இல்ல. வாய் சொல்லிருச்சு.”

ஹோஜா கையிலிருந்த தேன்சட்டத்தைக் கீழே வைத்தார். “இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல,” என்றார் பிறகு. “உண்மையைச் சொன்னா எனக்குத் தெரியல. வேற யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“ஜனங்க கேட்டது கேட்டதுதான். உள்ளே என்ன இருந்துச்சுன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும். நீங்க கொடுக்கலன்னா அது அங்க போய்ச் சேர்ந்திருக்காது.” கொஞ்சம் தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க. கொடுத்துட்டுத்தான் போங்களேன். ஆள்தான் போயிட்டாரே.”

“முடிஞ்சா கொடுத்திருக்கமாட்டேனா?”

ஹோஜா முகமூடியைக் கழற்றித் தேன்பெட்டியின்மேல் வைத்தார்.

“அப்போ ரெஃபியாகிட்ட சொல்லப் போறேன். அவ புருஷனுக்கு நான் ஹலால் கொடுத்துட்டேன்னு அவ நம்பிக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தப் பொய்யோட நான் இருக்க முடியாது.”

“ஐயா, துக்கவீடு. நாற்பதாவது நாள் கழியட்டும். என் பேச்சைக் கேளுங்க.”

அதைக் கேட்டார். நாற்பதாவது கழிந்த பிறகு ஒரு பிற்பகல், துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் கொண்டுபோவதுபோல் ஒரு பொட்டலம் காப்பித்தூளும் ஒரு பெட்டி சர்க்கரைக் கட்டியும் வாங்கிக்கொண்டு தெர்விஷின் வீட்டுக்குப் போனார். போர்க்காலத்தில் தட்டிய கதவை அதன்பின் அன்றுதான் தட்டினார்.

ரெஃபியா வெள்ளை முக்காட்டில் இளைத்துத் தெரிந்தாள். எதுவும் கேட்காமல் உள்ளே விட்டாள். செம்புக் கிண்ணியில் காப்பி கொதித்து வந்தது. அவர் கோப்பையைத் தொடாமல் சொன்னார்:

“ரெஃபியா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் ஹலாலிமோன்னு சொன்னது பழக்கத்துல வந்தது. நெதிம் முகத்தைப் பார்த்து வந்தது. நான் உன் புருஷனை விடல. விட முடியல. நீ என்னைப் பெரிய மனுஷன்னு நெனச்சுக்கிட்டு இருக்காதே. இதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லதாப் போச்சு அண்ணே,” என்றாள். “அவருக்கு நீங்க கொடுக்க வேண்டியதே இல்ல.”

“என்ன சொல்ற?”

“டீசல் இருந்துச்சு. ஒரு கேன். கன்னுக்குட்டிக் கொட்டகையில வைக்கோலுக்கு அடியில நான்தான் புதைச்சு வெச்சிருந்தேன். நெதிமுக்கு அப்போ மூச்சு முட்டும், உங்களுக்கே தெரியும். எப்ப வேணும்னாலும் தேவைப்படும்னு வெச்சிருந்தேன். நீங்க தட்டினப்போ அவரு கோட்டு மாட்டிட்டாரு. ‘எங்க வெச்சே, எடு’ன்னாரு. நான் எடுக்கல. ‘காலி ஆயிடுச்சு’ன்னேன். அவரு நம்பல. கொட்டகைக்குப் போகப் பார்த்தாரு. நான் காலைப் பிடிச்சுக்கிட்டேன். ‘நம்ம பிள்ளையைக் கொன்னுட்டுப் போ’ன்னேன். அப்புறம்தான் அவரு உங்ககிட்ட வந்து சொன்னாரு.”

அவள் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

“முப்பது வருஷமா உங்ககிட்ட சொல்லக் கெஞ்சினாரு. நான் விடல. ‘சொன்னா சேனிதா என் வீட்டுப் படி ஏறமாட்டா’ன்னேன். ஒரு நாள் நிஜமாவே சொல்லிடறேன்னு கிளம்பினாரு. திரும்பி வந்து, ‘கதவைச் சாத்திட்டான்’னு மட்டும் சொன்னாரு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல.”

நாசிஃப் எழுந்தார். எழுந்தவர் எங்கே போவதென்று தெரியாமல் ஜன்னலருகே நின்றார். இத்தனை வருடம் ஓர் ஆள்மேல் வைத்திருந்த கோபம், அந்த ஆள் மண்ணுக்கடியில் போன பிறகு, வேறு ஆளின் விலாசம் கேட்டுக்கொண்டு நின்றது. ஹீட்டர் சூடாக இருந்த பேருந்து. தொப்பியைப் பிடித்திருந்த எண்ணெய்க் கைகள். கூடவே, துணியில் சுற்றிய ரொட்டி.

“அப்போ என் பிள்ளைக்கு நீ தலைவாரினது…” அவர் குரல் அந்த வீட்டில் முதல்முறையாகச் சிறுத்தது. “அதெல்லாம் எதுக்கு? கடனடைக்கவா?”

“முதல்ல அதுக்குத்தான். அப்புறம் தெரியல. அப்புறம் எனக்கு அவ இல்லாம முடியல.” ரெஃபியா நிமிர்ந்தாள். “என்னை விடுங்கன்னு நான் இப்போ கேக்குறேன் அண்ணே. அவரு கேக்க வேண்டியதில்ல. நான் உயிரோட இருக்கேன். நான்தான் கேக்கணும். ஹலாலி.”

முற்றத்தில் ஹோஜா கேட்கும்போது ஊரே பின்னால் நிற்கும். இங்கே யாரும் இல்லை. பழக்கத்தில் எதுவும் வாயில் வந்து உட்காரவில்லை. நாசிஃப் ஷூவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து, படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். கயிறு கட்டவில்லை.

“இன்னிக்கு முடியாது ரெஃபியா,” என்றார் திரும்பாமல். “நான் வர்றவரைக்கும் செத்துகித்துப் போயிடாதே.”

“சரி அண்ணே. உங்களுக்காகப் பொறுத்திருக்கேன்.”

அவர் முதலில் போனது கபர்ஸ்தானுக்கு. தெர்விஷின் மண்மேடு இன்னும் தாழவில்லை; மரப்பலகையில் பெயரின் வண்ணம் புதிதாக இருந்தது. அங்கே என்ன சொன்னார் என்பது தெரியாது. நீண்டநேரம் நின்றதை எதிர்வீட்டார் பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை காப்பிக்கடையில் ஹுசோ, “எங்கய்யா போயிருந்தே?” என்று கேட்டதற்கு, “தெர்விஷ்கிட்ட ஹலால் கேட்டுட்டு வர்றேன்,” என்றார். ஹுசோ சிரித்தார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோடையில் சேனிதா வந்து போனாள். நாசிஃப் எதுவும் சொல்லவில்லை. ரெஃபியாவும் சொல்லவில்லை. சேனிதா இருவருக்கும் நடுவே இங்குமங்கும் ஓடி, இந்த வீட்டுத் தக்காளியை அந்த வீட்டுக்கும் அந்த வீட்டு ரொட்டியை இந்த வீட்டுக்கும் கொண்டுபோனாள். ஒவ்வொரு ரொட்டியையும் நாசிஃப் நின்று பார்ப்பார். பிறகு சாப்பிடுவார்.

இலை உதிர்ந்து, முதல் பனி விழுந்த வாரத்தில் மறுபடி அந்தக் கதவைத் தட்டினார். ரெஃபியா மாவுக் கையோடு திறந்தாள்.

“உக்கார வரல,” என்றார். “கேளு. சேனிதா உன் வீட்டுல தின்ன ரொட்டி, நீ வாரின தலை, அதுக்கெல்லாம் அவ அப்பனா நான் உன்கிட்ட கேக்கணும். கேக்குறேன். ஹலாலி.”

“அது எப்பவோ கொடுத்தாச்சு அண்ணே. ஹலாலிம்.”

“இப்போ என் பேச்சு. முனிபாவோட பங்கு என்கிட்ட இல்ல. அதை நீயே போய் அவகிட்ட கேட்டுக்கோ, நேரம் வரும்போது. அவ நல்லவ. ஆனா அவளுக்காக நான் பேச முடியாது. சேனிதாவோட பங்கும் என்கிட்ட இல்ல. அவ தாயை அவதான் இழந்தா. அடுத்த கோடையில அவகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”

“சொல்றேன். அவ என் வீட்டுப் படி ஏறாம போனாலும் சொல்றேன்.”

“சொல்லு.” அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். “என் பங்கு ஒண்ணுதான் என் கையில இருக்கு. பனியில அவளை இழுத்துக்கிட்டுப் போனது, அந்தக் கை ஜில்லுன்னு ஆனது, அப்புறம் தனியா இருந்தது.”

மலைச்சாலையில் ஏதோ லாரி கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. அது வளைவைத் தாண்டும்வரை இருவரும் நின்றிருந்தார்கள்.

“ஹலாலிம்,” என்றார் நாசிஃப். அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

ரெஃபியா அழுததை அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாவுக் கையை முக்காட்டில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “கதவைத் திறந்துவெச்சா வீடு குளிர்ந்துடும். உள்ள வாங்க.”

அவர் குனிந்து ஷூ கயிறுகளை அவிழ்த்தார்.